பச்சை விளக்கை நம்பாத தர்ஷனா

"உங்க ஆபீஸ்ல ஒரு பொம்பளை, துவாஸ் விடுதிப் பசங்க பேரு, பாஸ்போர்ட்டு, படுக்கிற கட்டில் நம்பர் எல்லாத்தையும் எவனுக்கோ வித்துட்டாளாமே சார்?"

டன்லப் ஸ்திரீட்டில் எனக்கு முடிவெட்டிக்கொண்டிருந்த அப்துல் அலீம் கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்தபடி கேட்டார். அவருக்குச் சொன்னது ஒரு லாரி டிரைவர். டிரைவருக்குச் சொன்னது அவன் அறையில் தங்கியிருப்பவன். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் பேசிக்கிறாங்க" என்று பின்கழுத்தில் கத்தியை வைத்தார். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் நிறுவனம் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளின் வாசல் கதவுகளுக்கு மென்பொருள் செய்கிறது. அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். தட்டியவரின் விவரம் வாசலில் இருக்கும் கணினிப் பெட்டியில் பதியும். நான் அங்கே தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு எழுதுகிறவன். அந்தப் பெட்டிகளுக்குள் நுழையும் அனுமதி இருவருக்குத்தான். ஒருவர் மேலாளர் அகிலன். இன்னொருவர் தர்ஷனா. நானோ தினமும் தர்ஷனாவோடுதான் மதியம் சாப்பிடுகிறேன். நாற்காலியை விட்டு இறங்கும்போது, எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் யார் யார் என்று மனம் தேட ஆரம்பித்துவிட்டது. வேலை அனுமதியில் வந்து பிழைக்கிறவனுக்கு இந்தத் தேடல் தானாக வரும்.

தர்ஷனா பூன் லேயில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தர்ஷனா நெற்றியில் பொட்டு வைக்கமாட்டார். ஆனால் மடிக்கணினியின் கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். பானக் கடையில் பெயர் கேட்டால் அம்மாவின் பெயரான யோகம் என்பதைச் சொல்வார். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைப்பேசிக்குச் சார்ஜ் போடமாட்டார். "ஏன் இப்படிச் சந்தேகப்படுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "சம்பளம் அதுக்குத்தானே குடுக்கிறாங்க" என்றார்.

உண்மைதான். மென்பொருளில் ஓட்டை பார்ப்பதுதான் அவருடைய வேலை. எங்கள் மென்பொருள் எழுதப்பட்ட கணினி மொழி தானாக ஓடாது. அதை ஓட்ட அடியில் ஓர் இயந்திரம் வேண்டும். ரன்டைம் என்பார்கள். அந்த ரன்டைமில் ஓர் ஓட்டை இருப்பதாக அதைச் செய்தவர்களே அறிவித்தார்கள். வெளியிலிருந்து யாராவது கோணல்மாணலாக ஒரு கேள்வியை அனுப்பினால், பெட்டி தன் நினைவில் இருப்பதைத் துண்டு துண்டாகக் கக்கிவிடும். கையோடு அந்த ஓட்டையை மூடும் அடைப்பும் வந்தது. அன்றைக்கே தர்ஷனா எல்லாப் பெட்டிகளிலும் அதைப் போட்டார். கண்காணிப்புத் திரையில் எல்லாப் பெட்டிக்கும் பச்சை விளக்கு.

அப்படியிருந்தும் துவாஸ் விடுதி ஆட்களுக்கு அழைப்புகள் வந்தன. பேசியவனுக்கு அவர்கள் பெயர், அறை, கட்டில் எல்லாம் தெரிந்திருந்தது. 'உன் பெர்மிட் ரத்தாகப்போகிறது, உடனே பணம் அனுப்பு' என்றான். பயந்து அனுப்பியவர்களும் உண்டு.

சந்தேகம் தர்ஷனா மேல் விழ இரண்டு காரணங்கள். 'ஓட்டை அடைபட்டது' என்ற அறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத அலுவலகத்துக்குத் தனியாக வந்து துவாஸ் பெட்டிக்குள் நுழையப் பார்த்தார். விடுமுறை நாளில் நுழைந்ததால் எச்சரிக்கை அகிலனின் கைப்பேசிக்குப் போனது. அவர் வீட்டிலிருந்தபடியே தர்ஷனாவின் அனுமதியைத் துண்டித்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் மேலிடத்தோடு கூட்டம். அதில் அவர் வேலை போகும், போலீஸ் புகாரும் உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் அந்த வாரம் முழுக்கத் தனியாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, 'மோசடி அழைப்புகளை நம்பாதீர்கள்' என்ற அறிவிப்பை ஒட்ட என்னைத் துவாஸுக்கு அனுப்பினார்கள். வாசல் அறையில் சின்னராசு இருந்தான். கதவுப் பெட்டி அவன் பொறுப்பு. வேலை மாறும் நேரம். லாரிகள் வந்து நிற்க, ஆட்கள் அட்டையைத் தட்டித் தட்டி உள்ளே வந்தார்கள். திரை சட்டென்று உறைந்தது. சின்னராசு அதன் ஓரத்துப் பொத்தானை அமுக்கினான். திரை இருண்டு மறுபடி ஒளிர்ந்தது.

"அவ்ளோதான் சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாப்போகும். தர்ஷனா அக்கா கூட அடைப்புப் போட்ட அன்னிக்கு, 'பெட்டியை ஒருதடவ நிறுத்திப் போடு'ன்னு நச்சரிச்சாங்க. லாரி வருது, லாரி வருதுன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். அப்புறம் இதே மாதிரி அமுக்கிட்டு, பண்ணிட்டேன்க்கான்னு சொல்லிட்டேன்."

நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். தூசி படிந்த பெட்டி ஒன்று. அதன் சிறு விளக்குகள் இமைத்துக்கொண்டே இருந்தன. அவன் அணைத்தது திரையை மட்டும்.

கிளமெண்டி உணவங்காடியில் தர்ஷனாவைத் தேடிப் பிடித்தேன். அவர் முன்னால் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு வாரமா ஆளையே காணோம்? இன்னைக்கு எவன் அனுப்பினான்?"

"யாரும் அனுப்பல." பார்த்ததைச் சொன்னேன்.

தர்ஷனா சாலையில் போன பேருந்தைக் காட்டினார். "பஸ் ஓடிட்டே இருக்கு. புது டிரைவர் ஸ்டாப்புல நிக்கிறான். நிறுத்தினாத்தானே இவன் ஏற முடியும்? நாங்க போட்ட அடைப்பு அந்தப் புது டிரைவர். ஓட்டுறது இன்னும் பழைய ஆளுதான்."

"அப்ப பச்சை விளக்கு?"

"ஸ்டாப்புல புது டிரைவர் நிக்கிறானான்னுதான் அது பாக்கும். பஸ்ஸுக்குள்ள பாக்காது. எனக்கு அதான் உறுத்திச்சு. அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை வந்தேன்." கோப்பியைத் தள்ளி வைத்தார். "எல்லாரையும் சந்தேகப்படுறவ, சின்னராசு ஒருத்தன் வார்த்தையை நம்பித் தொலைச்சேன் பாருங்க. சரி, நீங்க பாத்ததை அவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"நிஜமா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் நேராக அகிலனிடம் போனார். நான் கதவருகில் நின்றேன்.

"அகிலன், துவாஸ் பெட்டி எத்தனை நாளா நிக்காம ஓடுதுன்னு மட்டும் பாருங்க. ஒரு வரிதான். நான் சொல்றதை டைப் பண்ணுங்க."

"நீ சொல்றதை நான் டைப் பண்ணணுமா? பண்ணா என்ன டிலீட் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"திருடனும் அதைத்தான் சொல்வான் லா. மண்டே இன்வெஸ்டிகேட்டர்ஸ் வராங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. பாரு, ஸ்கிரீன் ஃபுல்லா பச்சை. அப்புறம் எப்படி லீக் ஆகும்? யாராவது ஒரு ஆள் குடுத்தாத்தான் ஆகும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் இவங்க கூட நிக்கிறீங்க?"

பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "மீட்டிங்ல பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

தர்ஷனா மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"சின்னராசுகிட்ட போன்ல சொன்னா, ஒயரைப் பிடுங்கிச் செருகிடுவான். ஓட்டை இப்பவே மூடிடும்" என்றார்.

"அப்ப சொல்லிடுங்களேன்."

"அந்தப் பெட்டி பழசு. நின்னு மறுபடி எழுந்தா முன்னாடி எதுவும் ஞாபகம் இருக்காது. எத்தனை நாளா ஓடுச்சுங்கிற கணக்கும் போயிடும். மண்டே வரவங்க ஒழுங்கா அடைச்ச பெட்டியைப் பாப்பாங்க. பக்கத்துலயே, கையெழுத்துப் போடாத ஒருத்தியையும் பாப்பாங்க."

"நிறுத்தாம விட்டா?"

"பெட்டி நிக்காம ஓடினது தெரிஞ்சிடும், நான் தப்பிச்சிடுவேன். அதுக்குள்ள இன்னும் எத்தனை பசங்களுக்கு போன் வரும்னு தெரியாது."

எனக்குள் வேறொரு புழு நெளிந்தது. இதையெல்லாம் என்னிடம் ஏன் விளக்குகிறார்? நாளைக்கு நான் சாட்சி சொல்லவா? சின்னராசு தெரியாமல்தான் திரையை அமுக்கினானா? கேட்காமலே அவ்வளவையும் எதற்கு ஒப்பித்தான்? டன்லப் ஸ்திரீட் வரைக்கும் போன பேச்சை முதலில் கிளப்பியது யார்? ஒருவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் அது அவரோடு நிற்பதில்லை. சந்தேகப்படுகிறவன் வரைக்கும் வந்துவிடுகிறது.

தர்ஷனா சின்னராசுவின் எண்ணை அழுத்திக் கைப்பேசியைப் படியில் வைத்தார். மணி போக ஆரம்பித்தது.

"என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல எடுக்கட்டும்."

துவாஸில் அப்போது லாரி வரும் நேரம் இல்லை. அவன் வாசல் அறையில்தான் இருக்கவேண்டும். மேலே கூட்ட அறைக் கதவு திறந்தது. "தர்ஷனா, எல்லாரும் வெயிட்டிங்" என்றது அகிலனின் குரல்.

அவர் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.