பந்தில் நான் வைத்த பொட்டு

இந்த ஆண்டு சித்திரை மாதம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவின் கடைசி நாள். பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற தோட்டம் எங்களுடையது. திருவிழா முடிகிற அன்று பின்னேரம் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடக்கும். தேர் பார்க்க வராதவர்கள்கூட அதைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. உதைபந்து என்றால் உயிர். அதிலும் ஆட்டத்தை விடப் பந்துதான் என் பைத்தியம். எந்த உலகக் கோப்பையில் எந்தப் பந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் டீவிக்கு மேலே ஒரு பலகை அடித்து மூன்று பந்துகளை வைத்திருந்தேன். எல்லாம் உலகக் கோப்பைப் பந்துகளின் டிசைனில் கடைகளில் விற்கிற பந்துகள்தான். ஒன்று, கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் மாறி மாறி வருகிற பழைய பந்து. கறுப்பு வெள்ளை டீவியில் பந்து நன்றாகத் தெரியவேண்டும் என்று அப்படிச் செய்தார்களாம். இரண்டாவது, எழுபத்தெட்டாம் ஆண்டுப் பந்து. அதில் மூன்று மூலைக் கறுப்புக் கோலங்கள் சேர்ந்து தூரத்திலிருந்து வட்டம் வட்டமாகத் தெரியும். அதைப் போல அழகான பந்து இன்னும் பிறக்கவில்லை என்பது என் கட்சி. மூன்றாவது, தென்னாபிரிக்காவில் ஆடியபோது கோல் காப்பாளர்கள் எல்லாரும் திட்டித் தீர்த்த பந்து.

நான்காவதாக இந்த ஆண்டு உலகக் கோப்பையின் புதுப் பந்து வந்தது. பதுளையில் வழக்கமாகப் போகிற கடையில் முதலாளி அதை எடுத்து வைத்ததுமே விலையைக்கூடக் கேட்காமல் வாங்கிவிட்டேன். சிவப்பு, பச்சை, நீலம், நடுவில் வெள்ளை. மொத்தப் பந்துக்கும் நாலே நாலு துண்டு! ஊருக்கு வரும் வரை பஸ்ஸில் மடியிலிருந்து இறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா, மடியில் பிள்ளை தூங்குகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

இறுதிப் போட்டிக்கு எங்கள் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் வந்திருந்தன. எங்கள் கோல் காப்பாளர் என் சொந்தத் தம்பி. இரண்டு வருடம் தொடர்ந்து இறுதிக்கு வந்து தோற்றவன். இந்த முறை கேடயம் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆட்டத்துக்கு முன்னால் பந்தை முனியாண்டி முன்னால் வைத்துச் சூடம் காட்டிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். போட்டிப் பந்தோடு என் புதுப் பந்தையும் வைத்தேன். அதற்கு நானே என் கையால் சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமத்தை அப்பி, சுற்றிவர நாலைந்து பொட்டு வைத்தேன். ஆனால் ஆடக் கொடுக்கவில்லை. போட்டிப் பந்துக்கு ஏதாவது ஆனால் மட்டும்தான் தருவேன் என்று விழாக் கமிட்டியிடம் சொல்லியிருந்தேன். உதை வாங்குவதைப் பார்க்க மனசு வரவில்லை. வேறென்ன?

மடியில் பந்தோடு வரம்பில் உட்கார்ந்திருந்த என்னைச் சீண்டாத ஆளில்லை.

"அக்கா, இந்தப் பந்துக்குள்ள சிப் இருக்காமே? யாரு தொட்டாலும் காட்டிக் குடுத்துருமாமே?"

"அது வெளிநாட்டுல ஆடுற பந்துலடா. இது கடையில வாங்குனது. பேசாம மேச்சப் பாரு."

எங்கள் மைதானம் மலையை வெட்டிச் செய்தது. ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் நிலம் சரிந்து தேயிலைக்குள் இறங்கிவிடும். கோலுக்கு வலையும் கிடையாது. பந்து உள்ளே போனாலும் சரி, வெளியே போனாலும் சரி, கீழே உருண்டுவிடும். யாராவது இறங்கித் தேடி எடுத்து வரும் வரை ஆட்டம் நிற்கும்.

முடிய இன்னும் பத்து நிமிடம். யாரும் கோல் போடவில்லை. தூறல், பனிமூட்டம், காது கிழிகிற சத்தம். அப்போது எங்கள் ஆள் ஒருவன் காலில் பட்டு வெளியே போன பந்து, சரிவு ஓரத்து மரக்கறித் தோட்டத்தின் முள்ளுக்கம்பியில் போய்க் குத்திக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எதிரணிக்குக் கோர்னர் உதை. மைதானமே என் மடியைப் பார்த்தது.

நான் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"குடு புள்ள. ஒத வாங்கத்தானே பந்து பொறந்திருக்கு."

கொடுத்தேன். நடுவர் பண்டாரவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் விளையாட்டு ஆசிரியர். அவர் பொட்டைத் துடைக்கப் போனார்.

"சேர், அழிக்காதீங்க. சாமிப் பொட்டு. ஒரு ஒதையில அதுவா போயிரும்."

அவரும் சிரித்துக்கொண்டே பந்தை மூலையில் வைத்தார்.

அந்த உதையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். பந்து எழும்பியது. பனிமூட்டத்துக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றாகச் சுழன்றன. என் பந்து பறக்கிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து நின்று குதித்தேன். அடுத்த நொடி கோல் வாசலில் ஒரு கூட்டம் எழும்பியது. எதிரணியின் உயரமான பையன் ஒருவன் எல்லாருக்கும் மேலே எழும்பினான். பந்து என் தம்பியைத் தாண்டிக் கோலுக்குள் போய்க் கீழே தேயிலைக்குள் மறைந்தது.

"கை! கை! சேர், கையி!"

கத்தியது நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவன் கையைப் பார்க்கவே இல்லை. பந்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக் காம்பராவில் இருபது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் என்னுடையது. என் பின்னால் முழுத் தோட்டமும் "கை, கை" என்று கத்தியது. கோட்டுப் பக்கம் கொடி பிடித்து நின்றவர் எங்கள் ஊர் ஆள், அவரும் கொடியைத் தூக்கிவிட்டார். முன்னால் ஆட்கள் மறைத்ததால் நடுவருக்கும் சரியாகத் தெரியவில்லை. விசில் ஊதினார். கோல் இல்லை. அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை. இது இரண்டாவது. அதனால் சிவப்பும் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

அவன் இரண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டினான். யார் கேட்டார்கள்? "கள்ளன், கள்ளன்" என்று சிறுபிள்ளைகள் வரை கூவினார்கள். அவன் நடந்து வந்து எனக்கு நாலடி தள்ளி வரம்பில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். பந்தை எடுக்க இரண்டு பேர் கீழே இறங்கியிருந்தார்கள்.

அவன் தலையை நிமிர்த்தியபோது நெற்றியில் சிவப்பாக வழிந்தது. இரத்தம் என்றே நினைத்துவிட்டேன். பதறிப்போய்த் துவாயோடு ஓடி ஓரமாக ஒற்றினேன்.

"காயம் ஒண்ணும் இல்லக்கா. விடுங்க. நான் கையால தொடவே இல்ல. மாதா மேல சத்தியம்."

துவாயைப் பார்த்தேன். சிவப்போடு மஞ்சளும் இருந்தது. சந்தன வாசம் மூக்கில் ஏறியது. அவன் கைகளைப் பார்த்தேன். சேறு மட்டும்தான். கழுத்தில் சின்னச் சிலுவை. முனியாண்டி பக்கமே வராதவன் நெற்றியில், ஆட்டத்துக்கு முன் நான் குழைத்த சந்தனமும் குங்குமமும்!

திரும்பிப் பார்த்தேன். கோல் வாசலில் என் தம்பி கையைத் தட்டி எல்லாரையும் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான். எதிரணியில் இப்போது ஒரு ஆள் குறைவு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கேடயம் எங்களுக்குத்தான். மறைக்காமல் சொல்கிறேன், துவாயைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டேன். மழையில் நெற்றியும் கழுவப்பட்டுவிடும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது கீழே தேயிலைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"பந்து கெடச்சிருச்சு!"

பந்து மேலே வந்து ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பிறகு நடுவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் மேலே ஏறி வருகிறான். பக்கத்தில் அந்தப் பையன் சத்தம் வராமல் அழுகிறான். என்ன நினைத்தேனோ, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போய்விட்டது.

"சேர்! ஊதிராதீங்க சேர்!"

"என்னம்மா இப்ப?"

துவாயை விரித்துக் காட்டினேன். அவன் நெற்றியைக் காட்டினேன். கையைக் காட்டினேன். எங்கள் ஆட்கள் சுற்றி வந்துவிட்டார்கள். அது அவன் கோயிலில் வைத்துக்கொண்ட பொட்டாக இருக்கும் என்றான் ஒருவன்.

"நாங்க வேதக்காரங்க சேர். பொட்டு வைக்கிறதில்ல" என்றான் அந்தப் பையன்.

நடுவர் நெற்றியைப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, முழங்கை எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல கையின்னு கத்துனது நீங்கதானே?"

"ஆமாங்க சேர். நான் கையப் பாக்கல. சும்மா கத்திட்டேன்."

என் தோட்டம் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சிவப்பு அட்டையை ரத்துச் செய்து, மைதானத்தின் நடுப்புள்ளியைக் காட்டி விசில் ஊதினார். கோல்! அந்தப் பக்கத்துச் சனம் போட்ட கூச்சலில் மலையே அதிர்ந்தது. வெட்கத்தை விடுங்கள், எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படி ஒரு தலையடியை நான் டீவியில்கூடப் பார்த்ததில்லை!

ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். எங்கள் சனம் என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. என் பந்தின் நீலத் துண்டில் தேயிலைக் கட்டை கீறி ஒரு விரல் நீளத்துக்குக் காயம். அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேடயம் வாங்கிய பிறகு அந்தப் பையன் என்னிடம் வந்தான். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கதான் மொதல்ல கத்துனீங்கன்னு தெரியும்க்கா. எம்மாம் பெரிய கொரலு!" என்று சிரித்தான். "ஆனா என்னையக் கள்ளன்னு சொன்ன வாயெல்லாம் மூடுனதும் அதே கொரலாலதான். அது போதும்."

வீட்டில் என் தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ கோலுக்குள்ளதானே நின்ன. ஒனக்கு முன்னுக்குத்தானே எழும்பினான். அவன் தலையில பட்டத நீ பாக்கலையா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"பாத்தேன்க்கா. நீ கையின்னு கத்துன. சேரு ஊதிட்டாரு. அக்காவே சொல்லிருச்சே, நாம எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததே நான்தானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போய் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் ஆட்டம் பார்க்கும்போது கத்தத்தான் செய்கிறேன், அது பிறவிக் குணம். ஆனால் "கை" என்று வாய் திறக்கும் முன் ஒரு நொடி, நான் அதைக் கண்ணால் பார்த்தேனா, இல்லை அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.