எட்டாம் காம்பிராவின் வெளிவிவகாரம்

செபமாலை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து லயத்து எட்டாம் காம்பிரா வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தோனியம்மா அவருக்கு விதித்திருக்கும் வேலை அது. மடியில் சுளகு, பக்கத்தில், தலவாக்கலைக் கடையில் கருவாடு சுற்றித் தந்த பத்திரிகைத் தாள். கண் அரிசியில் இருப்பதைவிடத் தாளில்தான் அதிகம். சோற்றில் கல் கடிபட்டால் உலகத்தில் எங்கோ பெரிய கலவரம் என்று அந்தோனியம்மா தெரிந்துகொள்வாள்.

"சீனாக்காரனுக்கு ரப்பரக் குடுத்து அரிசி வாங்குறோம். ரஷ்யாக்காரன்கிட்ட எண்ணெ. வெள்ளக்காரனுக்குத் தேயில. யாரு பக்கமும் சேராம இருந்ததெல்லாம் பழைய கத. எல்லாப் பக்கமும் கை நீட்டுறதுதான் இப்ப ராஜதந்திரம்" என்பார், கேட்க வந்திருக்கும் அடுத்த காம்பிரா அழகனிடம். "இந்தக் கல்லு எந்த நாட்டு உபயம்னுதான் ஒப்பந்தத்துல எழுதாம விட்டுட்டாங்க."

செபமாலை தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர். தன்னைக் கேலி செய்ய அடுத்தவருக்கு இடமே வைக்கமாட்டார். "சூயஸ் கால்வாய்க்கு நான் நல்ல யோசன வச்சிருந்தேன். பேப்பரு பிந்தி வந்துச்சா, அதுக்குள்ள அவசரப்பட்டு அடிச்சுக்கிட்டாங்க."

வீட்டில் இலாகா பிரித்து வெகுகாலமாகிறது. சம்பளம், சாமான், மகள் டோரீனுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அந்தோனியம்மா. "கடல் தாண்டுன விசயம் மட்டும் எனக்கு. அங்கதான் நம்ம பேச்ச எவனும் கேக்கமாட்டான். தப்பும் வராது" என்பார்.

இந்த வாரச் செய்தி கருவாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் எழுதிவிட்டன. தோட்டத்து ஜனங்களில் இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே. வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் எல்லார் வாயிலும் அதே பேச்சு.

அழகன் எழுந்து போனதும் அந்தோனியம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"டோரீன் மாமியார் வீட்டுல இந்தியாவுக்கே போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். நம்ம மூத்தவன் இங்கதான் இருப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நாம யாரோட இருக்கப் போறோம்?"

"வீட்டு விசயமெல்லாம் நீதான புள்ள பாக்குற?"

"கடல் தாண்டுறதுங்க இது. ஒங்க இலாகா. சொல்லுங்க."

சுளகை இறக்கி வைத்தார். அவள் நகராமல் நின்றாள்.

அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. செபமாலை எழுந்து, மூலையில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனார்.