டவாலி கட்டிக்கொண்டு வாங்கிய மனு

முப்பது வருஷம் தலையாரி வேலை பார்த்தேன். நிலம் அளக்கச் சங்கிலி பிடிப்பேன், வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஓய்வு பெற்ற மறு வருஷம் சினிமாக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

பழைய வெளிநாட்டு நாவல் ஒன்றைப் படமாக எடுக்கிறார்களாம். ஒருத்தனை ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள். எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. கதவு கதவாக அலைகிறான். சில கதவைத் திறந்தால் உள்ளே சுவர்தான் இருக்கிறது.

"இதுல என்ன தம்பி கதை இருக்கு?" என்று டைரக்டரைக் கேட்டேன்.

"அதுக்குத்தாங்கய்யா உங்க ஊருக்கு வந்தேன்" என்று சிரித்தார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லைத் தாலுகா ஆபீஸ் ஆக்கினார்கள். ஃபைல் கட்டை எப்படிக் கட்டுவது, முத்திரை எந்த மூலையில் விழும், எல்லாம் என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். நாவலில் பெரிய விசாரணை ஒன்று வருகிறது, அதற்கு நம்ம ஊரில் எது பொருந்தும் என்று டைரக்டர் கேட்டார். ஜமாபந்தி என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குப் பார்ப்பார், சனங்கள் மனு கொடுப்பார்கள். பந்தல், மைக், பிளாஸ்டிக் நாற்காலி. அப்படியே போட்டுவிட்டார்.

வாசல் சேவகன் வேஷம் எனக்கு. வெள்ளை உடுப்பு, தோளில் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டை, பித்தளை வில்லை. சர்வீஸில் இருந்தவரை கலெக்டரின் டவாலிச் சேவகனைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் வாசலுக்கே வந்து, "ரிட்டையர் ஆனப்பறம் பிரமோஷனா? இனிமே உன்னப் பாக்கவே மனு போடணும்போல!" என்றார்.

எங்கள் பிர்கா கிராமங்களுக்கு அசல் ஜமாபந்தியும் அன்றைக்குத்தான். எனக்குத் தெரியும். அது தாலுகா ஆபீஸில் நடக்கிறது, இங்கே யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் மில் பஸ் போகிற ரோட்டில் இருந்தது. பந்தலையும் போர்டையும் பார்த்துச் சிலர் இறங்கிவிட்டார்கள். சினிமா ஆட்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்து நேரே வந்தாள்.

பக்கத்து ஊர்க்காரி, தலையாரியாக என்னைத் தெரியும். புருஷன் செத்து மூன்று வருஷம். மாமனார் பேரில் இருந்த மூன்று மா நிலத்துக்குக் கொழுந்தன் தன் பேரில் மட்டும் பட்டா கேட்டு எழுதியிருந்தான். ஆட்சேபணை இருந்தால் ஜமாபந்தி அன்றைக்குள் கொடுக்கச் சொல்லி அவளுக்கு நோட்டீஸ்.

"நல்லவேளை நீங்க நிக்கிறீங்கண்ணே. மில்லுல ஆபீஸான்னு அடுத்த பஸ்ஸுல ஏறியிருப்பேன். எடத்த மாத்தி மாத்தி எங்கள அலையவிடுறதுல உங்க ஆளுங்களுக்கு என்னதான் சந்தோசமோ!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாதே என்று டைரக்டர் கையைக் காட்டினார். எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனத்தைச் சொன்னேன்.

"குடுத்துட்டுப் போங்க. அழைப்பு வரும்."

"வரும்ல? இன்னைய விட்டா எனக்கு நாளு இல்லண்ணே. மூணு மாவும் போயிரும்."

"வரும்."

சினிமா முத்திரை விழுந்தது. நம்பர் எழுதிய சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இத எழுதி எடுக்க முடியாதுங்கய்யா."

அப்போது மணி மூன்றரை. மனு என் கையில் இருந்தது. தாலுகா ஆபீஸுக்கு வண்டியில் பத்து நிமிஷம். போய்விட்டு வருகிறேன் என்றேன். "அடுத்தது உங்க முகம் மட்டும்தான், கிட்டத்துல. முடிச்சிட்டுப் போயிருங்க" என்றார். மனுவைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். நாலு தடவை எடுத்தார்கள். வெளியே வந்தபோது ஐந்தரை. மனு, கட்டு, முத்திரை எல்லாம் பெட்டியில் போட்டு லாரி ஏற்றிவிட்டார்கள்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் அவள் தாலுகா ஆபீஸில் சீட்டை நீட்டியிருக்கிறாள். இப்படி நம்பரே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அது சினிமாம்மா" என்றேன்.

"நீங்களுமாண்ணே?" என்றாள்.

பட்டா கொழுந்தன் பேருக்குப் போய்விட்டது. அவள் கோட்டாட்சியரிடம் அப்பீல் போட்டாள். சாட்சிக்கு நான் போனேன்.

"நீங்க எந்த ஹோதாவுல, என்ன அதிகாரத்துல மனு வாங்குனீங்க?" என்றார் அதிகாரி.

"வாசல்ல நின்னேன் சார்."

அதற்குள் படம் வந்துவிட்டது. மனு கொடுத்தாள் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. என் மகளின் போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் மனுவை நீட்டுகிறாள், மூன்று மா என்கிறாள், எல்லாம் தெளிவாக இருக்கிறது. அதிகாரி முழுசாகப் பார்த்தார்.

"அந்தம்மா நல்லா நடிச்சிருக்காங்க" என்று போனைத் திருப்பித் தந்தார். அடுத்த வாய்தா எழுதினார்.

இதுவரை ஐந்து வாய்தா. ஒன்றுக்கும் நான் தவறவில்லை. ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். அவள் முன்னால் உட்காருவாள், நான் பின்னால். வழியில் அந்த வயல் வரும். கொழுந்தன் குறுவை நட்டிருக்கிறான், பயிர் பச்சை கட்டிவிட்டது. அவள் தலையைத் திருப்புவதில்லை.