கம்பெனி சோப்பு

1991-ஆம் வருடம். எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பெயர் நாட்டிலுள்ள எல்லாப் பேப்பரிலும் வந்த வருடம். எதற்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வருடம் கார்த்திகை மாதம் எங்கள் வீட்டில் நடந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஒரு சோப்பு விஷயமெல்லாம் பேப்பரில் வருமா என்ன? ஆனால் இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது இங்கே பெரிய கார் கம்பெனி எதுவும் கிடையாது. ஒரகடத்தைச் சுற்றி ஏரியும் வயலும் முள்ளுக்காடும்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், லாரிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் நான் ஹெல்பராக இருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவனுக்கு அதுவே பெரிய வேலை. அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. சமைப்பது, பிள்ளைகளுக்குப் பரிமாறுவது, அண்டா கழுவுவது எல்லாம் அவள்தான். அப்பா போன பிறகு மூலையில் உட்கார்ந்துவிட்ட அம்மாவை எழுப்பி நடக்க வைத்ததே அந்த வேலைதான். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு “ஆயா, எனக்கு ஆயா” என்று கத்தும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் மாதம் பிறந்தால் ஸ்டோரில் ஆளுக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுப்பார்கள். மஞ்சள் நிறம். பெயரும் கிடையாது, உறையும் கிடையாது. நீளமான பாளத்தைக் கம்பியால் அறுத்துத் துண்டு போட்டுத் தருவார்கள். வேலை முடிந்து கிரீஸ் கையைக் கழுவுவதற்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் எங்களில் ஒருவரும் அதில் கை கழுவ மாட்டோம். மண்ணெண்ணெய் தொட்டு, மரத்தூள் போட்டுத் தேய்த்து, பனியன் துணியில் துடைத்துக்கொண்டு, சோப்பைக் கரையாமல் முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோவோம். கம்பெனி சோப்பில் குளிக்கிற வீடு என்றால் ஊரில் ஒரு மதிப்பு. நுரை அப்படிப் பொங்கும்! சொந்தக்காரர்கள் வந்தால் பாதிக் கட்டி கேட்டு வாங்கிப் போவார்கள்.

நான் பயந்த சுபாவக்காரன். பூட்டின கதவைத் திரும்பிப் போய் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். அம்மா சமைக்கிற சாம்பாரில் ஒரு முடி கிடந்தால்? நகத்தில் அழுக்கு இருந்து ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனால்? வேலை போய்விடுமே என்று எனக்கு ராத்தூக்கம் கிடையாது. அதனால் அம்மாவின் சீயக்காயையும் பயத்தமாவையும் நான்தான் நிறுத்தினேன். தினமும் ரெண்டு வேளை குளியலுக்கும், முழங்கை வரைக்கும் கை கழுவவும் கம்பெனி சோப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்கும் அதே சோப்பு என்று சட்டம் போட்டேன்.

முதல் வாரமே அம்மா கேட்டாள். “இன்னாடா இது, தேச்சா தோலு வெடுக்குனு இழுக்குது?”

“அழுக்கு போச்சுன்னா அப்படித்தாம்மா இழுக்கும்” என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

இரண்டு மாதம் தாண்டுவதற்குள் அம்மாவின் கால் ஆடுசதையில் தோல் செதில் செதிலாக வெளுத்தது. விரல் மடிகிற இடமெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. சீப்பு வைத்தால் முடி கொத்தாக வந்தது, தலையிலிருந்து தவிடு மாதிரி உதிர்ந்தது. சீப்பின் காம்பால் தலையைச் சொறிந்துகொண்டே இருப்பாள். எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “கிருமிப்பா அது. வாசன தூக்கலா கீற சோப்பு போட்டாதான் சாவும்” என்று ஒரு சிவப்பு சோப்பைத் தந்தார். “வயசானவங்களுக்குன்னே வந்துகீது” என்று ஒரு சரம் ஷாம்பு பாக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பாக்கெட்டில் இருந்ததோ கூந்தலைப் பறக்கவிட்ட ஒரு சின்னப் பெண் படம். அதைக்கூட யோசிக்கவில்லை நான். இரண்டையும் போட்ட பிறகு அரிப்பு இன்னும் ஏறியது.

அந்தச் சமயம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெரிய எழுத்தில், உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டவும் என்று தொழுநோய் விளம்பரம் எழுதியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அம்மாவுக்கு வந்திருப்பது அதுதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் வீட்டில் அம்மா தண்ணீர் குடிக்கிற டம்ளரை மட்டும் எடுத்து, அடியில் ஆணியால் ஒரு கோடு கீறி, மற்ற பாத்திரங்களோடு சேராமல் ஜன்னல் மேல் வைத்தேன். இரண்டு வயது மகளை அவள் மடியில் உட்கார விடாமல் ஏதாவது சாக்கு சொல்லித் தூக்கிக்கொண்டேன். “வாணாங்க, அத்த மனசு இன்னா பாடுபடும்” என்று என் மனைவி சொன்னாள். கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அந்த டம்ளரைத் தானே கழுவித் தானே ஜன்னலில் கவிழ்த்தாள்.

பிறகுதான் பள்ளிக்கூடத்தில் வெடித்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அவள் வீட்டுக்காரரும் என்னோடு அதே கம்பெனியில்தான் வேலை செய்தார், பந்தி நடுவில் வந்து மகன் தட்டைப் பிடுங்கியிருக்கிறாள். “இந்தக் கையால போட்ற சோத்த என் புள்ள துன்னாது. எல்லாரும் பாத்துக்கினு கீறீங்களே!” அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாளாம். பிள்ளைகளெல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தார்களாம். சத்துணவு அமைப்பாளர் அக்கா அம்மாவைத் தனியே கூப்பிட்டு, “ஆயா, ஒட்டுற நோவு இல்லேன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கினு வா. ஒரு வாரம் பாப்பேன். அதுக்கு மேல வேற ஆளத்தான் போடணும்” என்றார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவைக் காஞ்சிபுரத்துக்கு, தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் கிருமி இருக்குமே என்ற பயத்தில் மஞ்சள் பையில் ஒரு துண்டு கம்பெனி சோப்பையும் மடித்து எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து நுனியால் கை, கால், முதுகு எல்லாம் தொட்டுத் தொட்டுக் கேட்டார். “இங்க… இங்க… ஐய, கூசுதும்மா” என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது!

“தொழுநோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன சோப்பு போடுறீங்க?”

நான் பெருமையாகப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். டாக்டர் மோந்து பார்த்தார். குழாயில் நனைத்துத் தன் கையில் ஒரு தேய் தேய்த்தார். உடனே கழுவிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“ஏம்பா, இரும்புல இருக்கிற கிரீஸையே எடுக்குற சோப்பு, உங்க அம்மா தோல்ல இருக்கிற எண்ணெய விட்டு வைக்குமா? வயசானா அந்த எண்ணெயே கொஞ்சமாத்தான் ஊறும். அதையும் ரெண்டு வேளை சுரண்டி எடுத்திருக்க. தலைக்கு வேற!”

வாசனையும் நுரையும் குறைந்த, பச்சைப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி சோப்பு போதும் என்றார். அதுவும் உடம்பு முழுக்கத் தினம் தேவையில்லை. பழைய பயத்தமாவு ஒத்துக்கொண்டிருந்தால் அதையே போடலாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈரம் முழுசாகக் காய்வதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். தலைக்கு வாரம் ஒரு தரம், ஷாம்பு போட்டால் குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்ற வேண்டும். கேட்ட சீட்டையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் நேராக ஸ்டோர் முன்னால் நின்றேன். இந்த சோப்பைப் பற்றி ஏன் சார் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஸ்டோர்காரர் சிரித்தார். “எவன்டா உன்ன வூட்டுக்குத் தூக்கினு போவச் சொன்னது? பொட்டி மேல எழுதிகீதே, படிக்கிறதுதான?”

அந்தப் பெட்டியை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. அது ஸ்டோருக்குள்ளேயே இருக்கும், எங்களுக்கு வருவது அறுத்த துண்டு மட்டும்தான். எழுதியிருந்ததும் இங்கிலீஷில். காலிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்ணைக் கெஞ்சிப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இரும்புச் சாமானும் தரையும் கழுவ மட்டும். தோலில் படக் கூடாது.

“அப்ப எங்க கையில கீறது தோலு இல்லியா சார்?” என்று திரும்பி வந்து ஸ்டோர்காரரைக் கேட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது எனக்கே ஆச்சரியம்.

“போடா, பெரிய வக்கீலு” என்றார்.

அந்த வாரம் மோட்டார் ரிப்பேர் என்று ஆபீசர்களின் பாத்ரூமுக்குத் தண்ணீர் தூக்கச் சொன்னார்கள். அங்கே கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று வழவழப்பாக ஒரு சோப்பு, ரோஜாப்பூ வாசனை. அதில் கை கழுவுகிறவர்களின் கையில் ஒரு சொட்டு கிரீஸ் படாது. வாளியை வைத்துவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குத் தரை கழுவுகிற சோப்பு!

நான் கேட்டதற்குப் பலன், அடுத்த மாதம் யாருக்குமே சோப்பு கிடையாது. கூட வேலை செய்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “வாய வச்சிக்கினு சும்மா கீறதுக்கு இன்னா? உள்ளதும் போச்சு.” பொங்கலுக்குப் பிறகு உறை போட்ட சின்ன சோப்பு ஒன்று வர ஆரம்பித்தது. ஏன் மாற்றினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

டாக்டர் சீட்டோடு அம்மா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போனேன். தட்டைப் பிடுங்கிய பெண்ணை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி. அவளும் வாசலில் நின்றிருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் அம்மா போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

“உங்க வூட்லயும் கம்பெனி சோப்புதான?” என்று கேட்டாள் அம்மா. அந்தப் பெண் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “தூக்கிப் போடுடி அத. பயத்தமாவு அரைச்சிக்கீறேன், சாயந்தரம் வந்து வாங்கினு போ.”

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அன்று சாயந்தரம் அம்மா காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்க, நான் எதிரில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன். கம்பெனியை, ஸ்டோர்காரரை, சிவப்பு சோப்பு விற்ற கடைக்காரரை, அந்தப் பெண்ணை, ஒருவரையும் விடவில்லை.

அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள். “எல்லாரையும் திட்டினியே, என் டம்ளர யாருடா தனியா வச்சது? சோப்பு குடுத்தது தெரியாம பண்ணது நைனா. அது தெரிஞ்சு பண்ணது.”

நான் எழுந்துபோய் ஜன்னலிலிருந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கினேன். மறுநாள் காலையில் பார்த்தால், அது பழையபடி ஜன்னலில் கவிழ்ந்திருந்தது. அப்புறம் எத்தனை தடவை சேர்த்து வைத்தேனோ, அத்தனை தடவையும் அம்மா அடியிலிருந்த கோட்டைத் தடவிப் பார்த்து அதைத் தனியே எடுத்துக்கொண்டாள். ஆனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே பள்ளிக்கூடத்தில், ஆறிய அந்தக் கையாலேயே சோறு போட்டாள்.

இப்போது எனக்கே வயதாகிவிட்டது. குளித்துவிட்டு வந்தால் காலில் அரிப்பு, தலையில் பாதிதான் முடி. சோப்பு வாங்கப் போனால் உறையில் உள்ளதை மகளைப் படித்துச் சொல்லச் சொல்வேன். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்து ஒருநாள் பார்த்த பிறகுதான் உடம்புக்குப் போடுவேன். அப்படித் தேய்க்கும்போதெல்லாம் அந்தக் கம்பெனி மேல் பழைய கோபம் பொங்கிக்கொண்டு வரும். ஆனால் நன்றாகத் திட்ட வாய் திறக்கிற நேரத்தில் ஜன்னலில் கவிழ்ந்திருக்கிற அந்த டம்ளர் கண்முன் வந்துவிடும். அதற்கு மேல் என்னால் யாரையும் திட்ட முடிந்ததே இல்லை.