சுதுவை லொறியில் ஏறப் பழக்கினேன்

எஹலியகொடவுக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பங்களா ஹோட்டலாக மாறியபோது, சுது என்ற வெள்ளைக் குதிரையைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. லொறியைக் கண்டாலே அது நடுங்கும்.

"சுதுவ இரத்தினபுரியில மிருக டொக்டர்கிட்ட காட்டணும். எப்படியாவது ஏறப் பழக்குங்க," என்றார் மேனேஜர்.

மூன்று வாரம் பழக்கினேன். ஒரு தடவைகூடக் கயிற்றைப் பிடித்து இழுக்கவில்லை. முதலில் லொறியில் சாய்த்த பலகைமேல் புல் வைத்தேன். பிறகு புல்லை உள்ளே வைத்து, நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அது தானாக ஏறிவந்து என் தோளில் முகத்தை வைத்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அதை ஏற்றிவிட்டு, "சாயங்காலம் வந்துருவ," என்று கழுத்தைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டு நாளாகியும் வரவில்லை. மேனேஜரிடம் போனேன்.

"சேர், சுது எப்ப வரும்?"

"வராது. வித்தாச்சு," என்றார், தலை நிமிராமல். "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க பழக்கியிருப்பீங்களா?"

பழக்கியிருக்க மாட்டேன். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் சுதுவுக்கு அவரைத் தெரியாது. அது என்னை நம்பித்தான் ஏறியது.