ரதோய்கா கட்டிய வெளிநாட்டு விலை

பிறந்த ஊருக்குப் போகிற வழியில் உங்களை மறித்து, "நீ வெளிநாட்டு ஆள், இரண்டு மடங்கு எடு" என்று யாராவது கேட்டால் கொடுப்பீர்களா, மறுப்பீர்களா? வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்வது சுலபம். ரதோய்கா பல கோடைகள் கொடுத்தாள். ஒரு கோடையில் மறுத்தாள்.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் டிராம் வண்டிகளைக் கழுவுவது அவள் வேலை. ஆகஸ்ட் பிறந்ததும் பழைய வெள்ளை ஓப்பல் காரில் தனியாகத் தான் பிறந்த தெற்கு செர்பியாவுக்குக் கிளம்பிவிடுவாள். நடுவில் ஹங்கேரி. அங்கே சாலைக் கட்டணத்தை முதலிலேயே கட்டிவிட்டால் யாரும் மறிப்பதில்லை, யாரும் பேசுவதுமில்லை. பெல்கிரேடைத் தாண்டிச் சுங்கச் சீட்டு எடுத்துக்கொண்டு தெற்கே திரும்பியதும்தான் சாலை இளகும். இரு பக்கமும் சூரியகாந்தி. தூரத்து லாரிகள் கானல் நீரில் மீன்களைப் போல நீந்தி வரும். தான் ஓட்டவில்லை, யாரோ மெல்ல இந்த நாட்டை இழுத்துத் தன்னைக் கடந்து கொண்டுபோகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். அந்த அரை மயக்கத்தின் முடிவில் ஒரு சுங்கச்சாவடி. அதன் சின்ன ஜன்னலிலிருந்து ஒரு கை நீளும். ஊரின் முதல் கை அது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அந்தக் கை கேட்கிற காசுதான் நெஞ்சில் குத்தும். அந்தக் காலத்தில் ஆளைப் பார்த்துக் கட்டணம் இல்லை, நம்பர் பிளேட்டைப் பார்த்து. வெளிநாட்டு பிளேட் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆஸ்திரியச் சக்கரம் தாரை இரண்டு மடங்கு தேய்க்குமா என்ன? வெளியே போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் கூரை போட்டுக்கொண்ட நாடு, அனுப்பிய ஆள் நேரில் வந்தால் வழிப்பறி செய்தது. ரசீதும் கொடுத்தது.

அவள் மறுத்த அன்று ஊரில் தோப்ரிலா என்ற பெண்ணின் கல்யாணம். பதினோரு மணிக்குக் கோயிலில் மெழுகுவர்த்தி பிடித்து மணப்பெண்ணுக்குச் சாட்சியாக நிற்க வேண்டியவள் ரதோய்கா. அப்படி நிற்பவளைக் கூமா என்பார்கள். கூமா வராமல் பாதிரியார் வாயைத் திறக்கமாட்டார். விடிய விடிய ஓட்டி வந்த கண்களோடு, பத்து மணிக்குக் கடைசிச் சாவடியில் வண்டியை நிறுத்தினாள். ஜன்னலில் ஸ்ரெச்கோ என்ற வாலிபன்.

"வாங்கக்கா. வெளிநாட்டு வண்டி." தொகையைச் சொன்னான்.

"உள்ளூர் ரேட்டச் சொல்லு தம்பி."

"பிளேட்டு ஆஸ்திரியாவாச்சே."

"பிளேட்டா உங்கிட்ட பேசுது? நான்ல பேசறேன். இது எந்த ஊர்ப் பேச்சு?"

"லெஸ்கோவாட்ஸ் பக்கம். நீங்க வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு." சிரித்தான். "எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? எங்கூடப் பொறந்தவனும் உங்க ஆஸ்திரியாவுலதான், கிராட்ஸ்ல இருக்கான். போன வாரம் இதே ஜன்னல்ல அவன்கிட்டயும் இதேதான் வாங்கினேன். ராத்திரி சாப்பாட்டுல எம்மூஞ்சியப் பாக்கல."

"நானே ஒரு உள்ளூர் வண்டியில ஏறி வந்திருந்தா?"

"உள்ளூர் ரேட்டு."

"அப்ப நான் யாரு?"

"அந்தக் கேள்விக்கு இந்த மெஷின்ல பட்டன் இல்லக்கா."

ரதோய்கா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

பின்னால் ஒரு ஹாரன் எழுந்தது. பிறகு பத்து. தூக்கம் சுழற்றிய காதுக்கு அவை கல்யாண ஊதுகொம்புகளாகக் கேட்டன. வெயில் வெள்ளைத் துணியாகி முகத்தில் படர்ந்தது. தோப்ரிலா முக்காட்டோடு சூரியகாந்திகளுக்கு நடுவே நடந்து வந்தாள். பூக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. "எங்க கூமா எங்கே?" என்றன. இதோ, இதோ, என்று சொல்ல வாயெடுத்தாள்.

யாரோ வண்டிக் கூரையில் தட்டினார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட ஒரு மனிதர். பின்னால் நின்ற சுவிஸ் பிளேட் வண்டிக்காரர்.

"ஏம்மா, தூங்கறதுக்கு வேற இடம் கெடைக்கலயா? வண்டிய எடு!"

"அண்ணே, நீங்க எவ்வளவு கட்டுவீங்க?"

"கேக்கறதக் கட்டுவேன்."

"வெளிநாட்டுக்காரன் விலையா?"

"பின்ன? ரெண்டு காப்பிக் காசு. அதுக்காக வெயில்ல வேகணுமா?"

"உங்களுக்கு எந்த ஊரு?"

"வ்ரான்யே. லெஸ்கோவாட்ஸத் தாண்டி." சட்டென்று வந்தது பதில்.

"அப்ப வந்து பக்கத்துல நில்லுங்க. நீங்களும் நானும் நின்னா இன்னும் நாலு பேர் எறங்குவாங்க."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கு வேற வேலையில்ல பாரு" என்று முனகியபடி போய்த் தன் வண்டிக்குள் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார்.

பின்பக்கக் கண்ணாடியில் மற்ற வண்டிகளின் பிளேட்டுகளைப் பார்த்தாள். சூரிச், மியூனிக், வியன்னா. வரிசை முழுக்க அவளைப் போன்றவர்கள்தான். எல்லோரும் அதே விலை கட்டப்போகிறவர்கள். எல்லா ஹாரனும் அவளை நோக்கித்தான் அலறியது; ஜன்னலை நோக்கி ஒன்றுகூட இல்லை.

கைப்பேசி அடித்தது. தோப்ரிலா.

"கூமா, எங்க இருக்கீங்க? பாதிரியார் வாசலுக்கே வந்துட்டாரு. பன்னெண்டுக்கு அவருக்கு வேற கல்யாணம் இருக்காம். நாம தவறவிட்டா அப்புறம் அடுத்த வாரம்தானாம்!"

அடுத்த வாரம் லின்ஸில் டிராம்கள் காத்திருக்கும். "வழியிலதாண்டி இருக்கேன்."

"யாராச்சும் மறிச்சுட்டாங்களா?"

ரதோய்கா ஸ்ரெச்கோவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரும் இல்ல. வந்துட்டேன்."

நோட்டுகளை நீட்டினாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா."

"நீ ஏன்டா கேக்கறே? உன்ன இங்க உக்கார வச்சவன் கேக்கட்டும்."

தடுப்புக் கட்டை எழுந்தது. ஹாரன்கள் ஓய்ந்தன.

கோயிலில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவளின் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமில்லாத அசதி என்றார்கள் சிலர், ஆனந்தம் என்றார்கள் சிலர். வெளியே கொம்புகள் முழங்கின. பொன்னிறப் புகையில் எல்லா முகங்களும் மிதந்தன. அந்த முகங்களில் பாதி அதே சாவடியில் அதே விலை கட்டி வந்தவை. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த விதியைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள். ஹாரனில் இருக்கும் கையைத்தான் இன்னும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த முறை உங்களுக்கு முன்னால் ஒரு வண்டி ஜன்னலருகே அசையாமல் நின்றால், தயவுசெய்து கதவைத் திறந்து இறங்குங்கள். போய், என்ன விஷயம் என்று கேளுங்கள். நியாயம் அந்தப் பக்கம் இருந்தால், பக்கத்தில் நில்லுங்கள்.