பெரிய திரையில் என் பெயர்

மட்டாஞ்சேரியில் நான் பெருக்கித் துடைக்கும் அலுவலகத்தில், ஊருக்கெல்லாம் இணையம் கொண்டுபோகும் நெட்வொர்க் முழுவதையும் ஒரே மென்பொருள் காவல் காக்கிறது. இன்று காலை அதன் பெரிய திரை சிவந்தது. யாரோ அந்நியர் உள்ளே நுழைந்துவிட்டாராம்.

பொறியாளர் ஷீஜாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. திரையில் மின்னிய ஒரு பெயரை எனக்குக் காட்டினாள்.

"சேட்டா, இந்தப் பேரு தமிழல்லே? ஒண்ணு வாயிச்சுச் சொல்லுங்க."

போன வருடம்தான் எழுத்து கற்றேன். இதுவரை யாரும் என்னை எதையும் வாசிக்கச் சொன்னதில்லை. எழுத்துக் கூட்டி, சத்தமாகவே வாசித்தேன்.

"வேலாயுதன் போன்."

"அது நீங்களல்லே? பாஸ்வேர்ட் எங்ஙனே கிட்டி?"

"அந்தச் சுவர்ப் பலகையில எழுதியிருந்துச்சே மோளே. நானே படிச்சுப் போட்டேன்."

உடனே பலகையை அழித்தார்கள். என் போனையும் வெளியேற்றிவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. நான் படிக்கக் கற்றுக்கொள்ளும்வரை அந்த நெட்வொர்க் பத்திரமாகத்தான் இருந்தது.